பன்னிரண்டு சொற்களுக்குக் காணிப் பதிவகம் இல்லை

பெருநாள் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். துபாயில் வேலை. 2022இல் நமது ரூபாய் சரிந்த நாட்களில் பயந்துபோய், சேமிப்பில் ஒரு பகுதியை அங்கிருந்தே பிட்கொயினாக மாற்றியிருக்கிறார். "சேர், வாய்ப்பாட்டை மறக்காமல் வைத்திருக்கச் சொல்லித் தந்தது நீங்கள்தானே. இந்தப் பன்னிரண்டு சொல்லுக்கும் ஒரு வழி சொல்லுங்க" என்று கைத்தொலைபேசியை நீட்டினார். சொற்களைப் படம் பிடித்து, தனக்குத் தானே வட்ஸ்அப்பிலும் அனுப்பி வைத்திருந்தார்.

"எனக்குக் காட்டியதே முதல் பிழை தம்பி" என்றேன்.

கிரிப்டோ கூடுமா கூடாதா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். அது சட்டபூர்வ நாணயம் அல்ல, வங்கி அட்டைகளால் அதை வாங்க அனுமதியில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022இலும் எச்சரித்தது. ஆனாலும் வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகளில் சிலர் அதை வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான் (சிலவற்றில் இருபத்துநான்கு) அந்தப் பணத்தின் உறுதியும் சாவியும். தொலைபேசி கடலில் விழுந்தாலும் சொற்கள் இருந்தால் வேறொரு தொலைபேசியில் பணத்தை மீட்கலாம். சொற்கள் போனால் பணமும் போயிற்று. வேறொருவர் அவற்றைக் கண்டால் பணம் அவருடையது.

உறுதி என்றதும் புத்தளத்து மக்களுக்கு 1990 ஒக்டோபர் நினைவுக்கு வரும். மன்னார் தீவிலிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்களையும், யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்டு வந்தவர்களையும் சிறுவனாக நான் கண்டிருக்கிறேன். பலரிடம் உடுத்த உடுப்பைத் தவிர வேறில்லை. வீட்டு உறுதி அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டது. ஆனாலும் நொத்தாரிசிடம் ஒரு பிரதி, காணிப் பதிவகத்தில் ஒரு பிரதி, "இது இன்னாரின் வளவு" என்று சொல்ல அயலவர் என்று ஏதோ ஒரு நூல் மிஞ்சியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சிலர் காணியை மீட்டார்கள், சிலர் இன்னும் அலைகிறார்கள். பன்னிரண்டு சொற்களுக்கு அந்த நூலும் கிடையாது. பதிவகம் இல்லை, நொத்தாரிசு இல்லை, கிராம சேவகரின் கடிதமும் செல்லாது.

மாணவர் கேட்டது மனனத்தைப் பற்றி. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், பொருள் தெரியாததை மனம் வைத்திருக்காது என்பது. இந்தச் சொற்கள் 2013இல் உருவான பிப்-39 என்ற தரத்தின் 2048 சொற்களிலிருந்து எழுந்தமானமாக எடுக்கப்படுபவை. ஜப்பானிய மொழியில், கொரிய மொழியில், ஸ்பானிய மொழியில் பட்டியல் இருக்கிறது. தமிழில் இல்லை, சிங்களத்திலும் இல்லை. ஆகவே முதலில் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அகராதியில் பாருங்கள். ஆங்கிலப் பட்டியலில் கழுதை, உப்பு, வெங்காயம், தேங்காய் எல்லாம் இருக்கின்றன. புத்தளத்தான் யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல! பிறகு நீங்கள் தினமும் போகும் பாதையில் வாசல், சந்தி, பள்ளிவாசல், உப்பளம் என்று வரிசையாக ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொல்லை நிறுத்திவைத்துக் கதையாக்குங்கள். வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகள் நினைவிருந்தால் போதும், பட்டியலில் அந்நான்கும் ஒன்றாக இரண்டு சொற்கள் இல்லை.

இலகுவாக நினைவிருக்கட்டும் என்று தாமே ஒரு வசனத்தைச் சாவியாக வைப்பவர்களும் உண்டு. அது ஆபத்து. மனிதர் தெரிவு செய்யும் வசனங்களைக் கணினி எவ்வளவு விரைவில் ஊகித்துவிடும் என்பதை ரயன் காஸ்டலூச்சி 2015இல் டெஃப்கான் மாநாட்டில் காட்டினார்.

ஆனால் மனனம் மட்டும் போதாது. யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதான பிறகுதான், உமர் (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்ர் (ரழி) அவர்களின் காலத்தில் குர்ஆன் ஒன்று திரட்டப்பட்டது. புனிதத்தையும் பணத்தையும் நான் ஒப்பிடவில்லை. மனனம் செய்தவர் மௌத்தாவார் என்பதைத்தான் சொல்கிறேன்.

எனவே எழுதுங்கள், கடதாசியில், பென்சிலால். ஈரம் பட்டால் பேனா மை கரையும், பென்சில் எழுத்து கரையாது. ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் 'பி'யா 'பீ'யா என்று பிறகு தடுமாற வேண்டி வரும். இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகள். ஆறு சொல் உம்மாவிடம், ஆறு சொல் மனைவியிடம் என்று பிரிப்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஒரு பாதி தொலைந்தால் மற்றப் பாதியால் பயனில்லை.

படம் மட்டும் எடுக்காதீர்கள். தொலைபேசியிலுள்ள படங்களுக்குள் இத்தகைய சொற்களைத் தேடித் திருடும் 'ஸ்பார்க்கேட்' என்ற தீநிரலை, கூகுள், அப்பிள் இரண்டின் செயலிக் கடைகளிலும் கண்டதாகக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2025 பெப்ரவரியில் அறிவித்தது. ஏற்கெனவே படம் எடுத்தவர்கள் அதை அழித்தால் மட்டும் போதாது. புதிதாக ஒரு பணப்பை திறந்து, புதிய சொற்களை எழுதிக்கொண்டு, பணத்தை அங்கே மாற்ற வேண்டும்.

இனித்தான் பெரிய விடயம். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ளவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து. நம் வீடுகளில் கடனையும் காணியையும் சொல்லிவைப்போம், இதை யாரும் சொல்வதில்லை. சொற்களை வஸிய்யத்துக்குள் எழுத வேண்டாம், சாட்சிகள் பார்ப்பார்கள். இப்படியொரு சொத்து உண்டு, சொற்கள் இன்ன இடத்தில் உள்ளன என்று மட்டும் எழுதினால் போதும். இல்லையென்றால் அந்தப் பணம் வாரிசுகளுக்கும் இல்லை, கடன் கொடுத்தவருக்கும் இல்லை.

மாணவர் என் மேசையிலேயே புதிய பணப்பைக்கு இரண்டு தாள்கள் எழுதினார். நான் வெளியே போய் நின்றேன். அவர் வெளியே வந்ததும், இது மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"இப்படியொரு பணம் இருக்கென்றே தெரியாது சேர்" என்றார். வெள்ளிக்கிழமை இரவு அவருக்கு விமானம்.