‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஓர் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அரண்டு கிடந்தவள் நான். இதை நம் ஆண்டிதழில் எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன். நாம் பேரவையில் விவாதிக்காத பொருள் இல்லை. ஆனால், பாலியல் நோய் என்று வந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். அந்த மௌனத்தால் அவதிப்பட்டவள் என்பதால் எழுதத் துணிந்தேன்.

பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில் எனக்குத் திருமணம் நிச்சயமானது. முழு உடற்பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று எண்ணித் தனியார் ஆய்வகம் ஒன்றுக்குச் சென்றேன். இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ஹெபடைடிஸ் என்று நீண்ட பட்டியல். அதில் ஹெர்பிஸ் சோதனையும் இருந்தது. நான் கேட்டு வாங்கியதல்ல, தொகுப்போடு வந்தது. ஒரு வாரத்தில் அறிக்கை கிடைத்தது. எல்லாம் சரியாக இருக்க, ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: ‘எச்.எஸ்.வி.-2 ஐ.ஜி.ஜி. 1.4 - பாசிட்டிவ்’.

எனக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. பல்கலைக்கழக நாள்களில் ஒருவரை விரும்பினேன்; அது முடிந்துபோன கதை. அந்த வரியைப் படித்ததும் முடிந்த கதை முழுவதும் எனக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக மாறிவிட்டது. அம்மாவிடம் வாய் திறக்க முடியவில்லை. ஹெர்பிஸ் என்றால் அவருக்கு அக்கிதான் தெரியும். அக்கியோ சின்னம்மையை உண்டாக்கும் வேறொரு வைரசால் வருவது. இதை விளக்கப் போனால் வேறு கேள்விகள் வரும்.

கடைசியில் அக்காவிடம் சொன்னேன். “அழுது என்னடி ஆகப்போகுது? முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டு,” என்றார். மறுநாள் அவரே என்னை அழைத்துச் சென்றார். அறிக்கையைப் பார்த்த அந்த மூத்த மருத்துவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “பாசிட்டிவ்னு போட்டத மட்டும் படிச்சிருக்கீங்கம்மா. பக்கத்துல இருக்கிற நம்பரப் படிக்கல.”

அந்த எண்ணைப் பற்றித்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இச்சோதனை வைரசைத் தேடுவதில்லை; வைரசுக்கு எதிராக நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பரவலாகப் பயன்படுத்தப்படும் சோதனைகளில் 0.9க்குக் கீழே இருந்தால் இல்லை என்பர்; 1.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் உண்டு என்பர். இடைப்பட்டது ஐயத்திற்குரியது. ஆனால், 1.1ஐத் தாண்டியதும் ஐயம் தீர்ந்துவிடுவதில்லை. 3.0க்குக் கீழே உள்ள முடிவுகளை வேறு முறையிலான இரண்டாம் சோதனையால் உறுதிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இச்சோதனைகள் தவறாக ‘உண்டு’ எனக் காட்டக்கூடும் என்று எச்சரித்தது.

ஏன் இப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் மாணவர்களில் 20 பேருக்கு உண்மையில் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அந்த 20 பேரையும் சரியாகக் கண்டுபிடிக்கிறது. ஆனால், தொற்று இல்லாத நூறு பேரில் நால்வரைத் தவறாகக் காட்டுகிறது. மீதமுள்ள 980 பேரில் ஏறத்தாழ 39 பேர் இப்படி மாட்டிக்கொள்வர். ஆக, ‘பாசிட்டிவ்’ என்ற தாளோடு 59 பேர் நிற்பார்கள். அவர்களுள் 20 பேருக்கே நோய்த்தொற்று உண்டு. நூற்றுக்கு நான்கு என்பது சிறு பிழைதான். அறிகுறியே இல்லாத எல்லாரையும் சோதிக்கும்போது அந்தச் சிறு பிழை பெரிதாகிவிடுகிறது. அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாக இச்சோதனையைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இல் கூறியதையே 2023இலும் உறுதிப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் தெரியாமல் இருப்பதே மேலா என்று சிலர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. கொப்புளமோ புண்ணோ தோன்றினால் அது ஆறுவதற்குள் மருத்துவரிடம் செல்லுங்கள். புண்ணிலிருந்து எடுக்கும் மாதிரியைப் பி.சி.ஆர். முறையில் சோதிப்பது இரத்தச் சோதனையைவிட நம்பகமானது. துணைவருக்குத் தொற்று இருந்தால் இரத்தச் சோதனைக்கும் பொருளுண்டு. ஆனால், எதிர்ப்பொருள் முழுமையாக உருவாக 12 வாரம் வரை ஆகலாம். அதற்கு முன் வரும் ‘இல்லை’ என்ற முடிவை நம்பிவிடக் கூடாது. ஐ.ஜி.எம். சோதனையை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். வேறோர் ஆய்வகத்தில், வேறு முறையில் மீண்டும் சோதிக்க மருத்துவர் ஏற்பாடு செய்தார். முடிவு வருவதற்கு முன்பே என் வருங்காலக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய காதலையும் சேர்த்துத்தான். இரண்டு நாள் அவர் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, “டாக்டரைப் பார்க்க நானும் வரேன்,” என்றார். இரண்டாம் முடிவு ‘இல்லை’ என்று வந்தது. பழைய உறவு முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், தொற்று இருந்திருந்தால் எதிர்ப்பொருள் இதற்குள் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்றும், முதல் முடிவு பெரும்பாலும் பிழையே என்றும் மருத்துவர் விளக்கினார்.

‘உண்டு’ என்று வந்திருந்தால்? அப்போதும் வாழ்க்கை முடிந்திருக்காது. 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் மதிப்பிட்டது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால், அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் நோயைக் கட்டுப்படுத்துகின்றன. நாள்தோறும் வாலாசைக்ளோவிர் உட்கொண்டால் துணைவருக்குப் பரவும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆணுறையும் துணைபுரியும். கருவுற்றிருக்கும் பெண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் குழந்தையையும் காக்கலாம்.

ஆகவே, ஆய்வகங்கள் கேட்காத சோதனையைத் தொகுப்பில் திணிப்பதை நிறுத்த வேண்டும். செய்தால், அந்த எண்ணின் பொருளை விளக்க ஒருவரை அமர்த்த வேண்டும். நாமும் சோதனைக்குக் கையொப்பமிடும் முன் பட்டியலைப் படிக்க வேண்டும். நம் பேரவை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு மருத்துவரை அழைத்து, இவற்றைத் தமிழில் பேசச் செய்ய வேண்டும். எனக்கு அன்று தேவைப்பட்டது, ‘இந்த எண்ணுக்கு இதுதான் பொருள்’ என்று நம் மொழியில் சொல்ல ஒருவர். இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுள் ஒருவராவது, கையில் அப்படியொரு தாளோடு மூன்று வாரம் தனியாக அழாமல் மறுநாளே மருத்துவரிடம் செல்வாரானால், நான் தயக்கத்தை விட்டு எழுதியதற்குப் பயன் கிடைத்துவிடும்.