செயலிக்குத் தமிழ் மட்டும் போதாது

மார்பகப் புற்றுநோயாளருக்கான செயலியைத் தமிழாக்கித் தரச்சொல்லி இங்கே ரொறன்ரோவில் என்னைக் கேட்டார்கள். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பேன். எங்கட சனம் இந்த வருத்தத்தை ஊருக்கு மறைக்கிற சனம். கைத்தொலைபேசியில் இளஞ்சிவப்பு நாடா தெரிந்தால் அன்றைக்கே அழித்துவிடுவார்கள். பூப்படமும் பொன்மொழியும்கூட வேண்டாம்.

கீமோ எடுப்பவருக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பது ஆங்கிலம் தெரியாத அம்மாவோ, என்ன செய்வதென்று முழிக்கிற கணவரோதான். வெப்பமானி 38.3 பாகை காட்டினாலோ, 38 பாகையில் ஒரு மணித்தியாலம் நின்றாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும். அளக்க முதல் டைலனோல் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துபோகும், ஆபத்து மறையாது.

இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் ஒரு பொத்தான், பராமரிப்பவரின் தொலைபேசியிலும் வேண்டும். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.