பாட்டுக்கு ஒரு பட்டம், ஆட்டத்துக்கு ஒரு பட்டம்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும்போதெல்லாம் வன்னியிலிருந்து பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: பிள்ளைக்குக் குரல் இருக்கிறது, கூத்தும் ஆடுகிறாள், யாழ்ப்பாணத்துக்கு விண்ணப்பிப்பதா, மட்டக்களப்புக்கா? ஊரில் அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும் ஆலோசனை ஒன்றே. எந்தப் பட்டத்துக்கு ஆசிரியர் நியமனம் விரைவில் கிடைக்குமோ அதை எடுங்கள்.

இந்த ஆலோசனை தவறு என்பேன். வயலும் கடனுமாக வாழும் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் சிறு விடயம் அன்று. அதை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் நியமனம் என்பது அரசாங்கம் நினைக்கும்போது வருவது. 2017 இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நம் கையில் இல்லாத ஒன்றை வைத்தா நான்கு ஆண்டுகளைத் தீர்மானிப்பது?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. முல்லைத்தீவின் கோவலன் கூத்தை எடுங்கள். அதில் பாடுகிறவர் ஒருவர், ஆடுகிறவர் இன்னொருவர், நடிக்கிறவர் மற்றொருவர் என்றா இருக்கிறது? கோவலனாக வருகிறவரே பாடுகிறார், ஆடுகிறார், அழுகிறார். காத்தவராயன் கூத்திலும் அப்படியே. பல்கலைக்கழகமோ இந்த ஒரே உடலை மூன்றாக வெட்டி மூன்று துறைகளிடம் ஒப்படைக்கிறது. மருதனார்மடத்தில், பலரும் இன்றும் இராமநாதன் அக்கடமி என்றே அழைக்கும் இடத்தில், கர்நாடக இசையும் பரதநாட்டியமும் தனித்தனிப் பட்டங்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இசை, நடனம், நாடகம் தனித்தனியே. அமெரிக்காவில் இசை அரங்குப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர் அனுமதித் தேர்விலேயே பாடி, ஆடி, நடித்துக் காட்ட வேண்டும். பாட்டும் ஆட்டமும் நடிப்பும் பிரியாத கலையைத் தலைமுறைகளாக வைத்திருக்கும் நம்மிடம் அத்தகைய பட்டம் இல்லை!

இது முடியாத காரியமும் அன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் அந்த மரபையே ஆய்வு செய்து பேராசிரியரானார். அண்ணாவியாரையும் விரிவுரையாளரையும் ஒரே களரியில் நிறுத்தியதால் விளைந்தது அது. பட்டத்தின் பெயரால் விளைந்தது அன்று.

ஆகவே என்னைக் கேட்டால், கூத்துப் பிடித்த வன்னிப் பிள்ளைக்கு முதல் விருப்பம் மட்டக்களப்பின் நாடகப் பட்டம்தான். முல்லைத்தீவின் ஆட்டம் வேறு, மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் வேறு என்பது உண்மை. ஆனால் அங்கே வகுப்பறைக்கு வெளியே, கோயில் வெளிகளில், கூத்து இன்னும் ஊராரால் ஆடப்படுகிறது. விடிய விடிய அதன் நடுவே நிற்பதும் படிப்புத்தான். கர்நாடக இசையில் ஆழ விரும்பும் பிள்ளை தாராளமாக மருதனார்மடம் போகட்டும்; வீட்டுக்கு அண்மை என்பதற்காக மட்டும் போக வேண்டாம்.

இனி எனது உண்மையான கோபத்துக்கு வருகிறேன். பிள்ளை ஏன் வன்னியை விட்டே போக வேண்டும்? கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்களோடு. நல்லது. ஆனால் வன்னியின் பெயர் சொல்லும் கலைக்கு ஒரு துறைதானும் ஒதுக்கப்படவில்லை. வன்னி உற்பத்தி செய்ய வேண்டியது நெல்லும் எழுதுவினைஞர்களும் மட்டும் என்று யார் முடிவு செய்தார்கள்?

பிறகு பார்க்கலாம் என்பார்கள். 2009 இல் உடுத்த துணியோடு முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள் கூத்துக் கொப்பிகளையும் சுமந்து வந்திருப்பார்கள் என எதிர்பார்க்க முடியாது. மிஞ்சியது மூத்த அண்ணாவிமாரின் நினைவில் இருக்கிறது. அவர்களிடம் உயர்தரச் சான்றிதழ் இல்லை. வருகை விரிவுரையாளராக அழைக்கச் சுற்றறிக்கை இடம் தராது என்று பதிவாளர் அலுவலகம் சொல்லும். அந்தச் சுற்றறிக்கையைத் திருத்தக் கோருவதற்கு நிதி தேவையில்லை, ஒரு மூதவைக் கூட்டம் போதும். வவுனியாவின் மூதவை அதை எப்போது எடுக்கும்?