யாருக்கு இடறல்?

கிருபையைப் பிரசங்கித்துவிட்டுப் பீடத்திலிருந்து இறங்கும்போது யாராவது முகம் சுளித்தால், சிலுவை இடறலாகத்தான் இருக்கும் என்று பவுலடிகளைத் துணைக்கு அழைத்து நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். எல்லா முகச்சுளிப்பும் ஒன்றல்ல.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்டுகளின் போதனையைக் கேட்ட பக்கிங்ஹாம் சீமாட்டி, அவர்களை ஆதரித்த ஹன்டிங்டன் சீமாட்டிக்குக் கொதிப்போடு கடிதம் எழுதினார். சாமானியர்களைப் போலத் தானும் பாவியா, தன் அந்தஸ்து என்னாவது என்பதே அவர் கேள்வி. நம் நாட்டிலும் இதுபோல நடந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று சுற்றறிக்கை விட்டதும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். தகுதியைக் கணக்கில் எடுக்காத கிருபையின் விருந்து, தகுதியையே சொத்தாக வைத்திருப்பவர்களைச் சுடும். கெட்ட குமாரன் உவமையில் வீட்டுக்குள் வர மறுத்த மூத்த குமாரனின் கோபமும் இதுதான். இந்த இடறலை நாம் மழுப்பக் கூடாது. மழுப்பினால் நம் பிரசங்கத்தில் நல்லொழுக்க அறிவுரைதான் மிஞ்சும்.

இன்னொரு கோபம் இருக்கிறது. நூரம்பெர்க் விசாரணையின்போது அமெரிக்கப் படையின் லுத்தரன் குருவானவர் ஹென்றி கெரெக்கி, நாஜித் தளபதி கைட்டலுக்குத் திருவிருந்து கொடுத்தார். வதைமுகாமில் பெற்றோரைப் பறிகொடுத்த ஒருவர் இதைக் கேட்டுக் கொதித்தால், அதையும் அந்தஸ்துப் பெருமை என்று சொல்ல நமக்கு நாக்கு எழுமா? அவர் கேட்பது நியாயத்தை.

கெரெக்கி அந்த நியாயத்தை மறக்கவில்லை. விசுவாசத்தை ஏற்காத இன்னொரு நாஜித் தலைவர் கோரிங்குக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். மனந்திரும்பிய கைட்டலும் 1946 அக்டோபர் 16 அன்று தூக்குமேடை ஏறினார். பாவமன்னிப்பு தண்டனையை ரத்து செய்யவில்லை. சகேயுவும் இரட்சிப்பு வந்த அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நியாயத்தின் இந்தப் பகுதியை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் சொல்லும்போது, இடறலை உண்டாக்குவது சுவிசேஷமல்ல, நம் அரைகுறைப் பிரசங்கம்.

எழுப்புதல் கூட்டங்களில் சாட்சி சொல்ல ஆள் தேடும் உடன் ஊழியருக்கு ஒரு வேண்டுகோள். குடித்துவிட்டு மனைவியை அடித்தவர் மனந்திரும்பினார் என்றால் மகிழ்ச்சிதான். அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பதற்கு முன், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனைவியிடம் போய்க் கேளுங்கள்: வீட்டில் அடி நின்றதா, அடகு வைத்த நகை திரும்பியதா, இந்தக் கதையை ஊர் முன்னால் சொல்ல அவருக்குச் சம்மதமா? இல்லை என்றால் அந்தச் சாட்சி காத்திருக்கட்டும்.