கதைக்கு விலை வைக்கும் கடைக்காரர்கள்

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் பெறுமதியை எப்படிக் கணிப்பது என்பது ஆயுதக் கடைக்காரனின் கவலை, நமக்கென்ன என்று வாசகர்கள் இந்தப் பக்கத்தைக் கடந்து போய்விட வேண்டாம். அது சாட்சியம் பற்றிய கேள்வி. எவரது வாய்மொழியை ஏற்பது, எந்தக் கதைக்கு ஆதாரம் கேட்பது என்ற கேள்வி. பல தசாப்தங்களாகச் செய்தி எழுதிப் பிழைத்த எனக்கு அந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

கௌபோய்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு நெம்புகோல் ரைபிளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விசைக்குக் கீழேயுள்ள வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் வெற்றுக் கோது வெளியே பாயும். அடுத்த ரவை உள்ளே ஏறும். அவற்றுள் மிகப் பிரபலமானது ஜோன் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894. மறுவருடமே அது புகையற்ற வெடிமருந்து கொண்ட ‘தேர்ட்டி தேர்ட்டி’ ரவைக்கு ஏற்றவாறு வெளிவந்து, அமெரிக்க மான் வேட்டைக்காரனின் தோளை விட்டு அகலாத துணையாயிற்று. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்படும் வரை எழுபது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. ஆகவே, அந்நாட்டில் பாட்டனார் ஒருவர் கண் மூடினால், அலுமாரியின் மூலையில் இப்படியொரு ரைபிள் சாய்ந்து நிற்பது வெகு சாதாரணம். பாட்டனாருக்குப் பின் அதன் விலை என்ன? இங்கேதான் கதை வியாபாரிகள் உள்ளே நுழைகிறார்கள்.

பென்சில்வேனியாவில் வாழும் என் உறவினர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் தொலைபேசியில் பொருமினார். அவரது அயல்வீட்டு மூதாட்டி, காலமான கணவரின் ரைபிளை ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பழசு, மெருகு போய்விட்டது, இதற்கு இவ்வளவுதான்” என்று ஒரு சொற்பத் தொகையைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். “அண்ணை, ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் கடைக்குப் போய்ப் பாத்தன். அதே துவக்கு சுவரில தொங்குது. நாலு மடங்கு விலை. ‘எல்லைப்புறப் பொலிஸ் அதிகாரி ஒருவர் பாவித்தது’ எண்டு ஒரு மட்டையும் கட்டியிருக்கு. மனுசன் தச்சுவேலை செய்தவர், அண்ணை!” என்றார்.

வாங்கும்போது அது வெறும் பழைய இரும்பு. விற்கும்போது சரித்திரச் சின்னம். இடைப்பட்ட ஒரு மாதத்தில் துப்பாக்கியில் எதுவும் மாறவில்லை. கதை மட்டும் ஏறியிருக்கிறது. விலை மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருக்கும் இடத்தில் மதிப்பீடு என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. நீதிபதியும் வழக்காளியும் ஒருவராக இருக்கும் மன்றத்தில் எவராவது நியாயம் எதிர்பார்ப்பாரா? கட்டணம் பெற்றுக்கொண்டு மதிப்பை எழுத்தில் தருபவரும், பொருளைத் தாமே வாங்காதவரும் எவரோ அவரிடம் போவதே முதல் விதி. விளம்பரத்தில் கேட்கப்படும் விலையை விடுத்து, ஏலங்களில் உண்மையாகவே விற்று முடிந்த விலையைப் பார்ப்பது இரண்டாவது விதி. கேட்கும் விலை ஆசை; விற்ற விலைதான் தகவல்.

இனி, துப்பாக்கி தானே சொல்லும் சாட்சியத்தைக் கேட்போம். உருக்கின் மேலுள்ள கருநீல மெருகில் தொழிற்சாலை ஏற்றியது எத்தனை வீதம் எஞ்சியிருக்கிறது என்பதே விலைநூல்களின் முதல் கேள்வி. திருகாணித் தலைகளின் வெட்டுகள் சிதைந்திருந்தால் எவரோ கைவைத்திருக்கிறார். குழலின் உட்புறச் சுருள்வரிகள் அரித்துப் போயிருந்தால் வெளி அழகு உதவாது. 94 ரைபிள் வெற்றுக் கோதை மேல்நோக்கி வீசும்; ஆகவே தொலைநோக்கி பொருத்த விரும்பியவர்கள் பக்கவாட்டில் துளையிட்டார்கள். தொழிற்சாலை போடாத அந்த இரண்டு துளைகள் சேகரிப்பாளரின் விலையைப் பாதியாகவும் சரித்துவிடும். குட்டையாக்கிய மரப்பிடி, வெட்டிய குழல், பின்னர் ஒட்டிய இறப்பர் மெத்தை யாவும் அவ்வாறே.

இவை எல்லாவற்றையும் விடக் கொடுமை, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பளபளப்பாக்கல். பேரப்பிள்ளைகள் ‘தாத்தாவின் துவக்கைப் புதிதாக்கி வைப்போம்’ என்று மெருகுச் சில்லில் தேய்த்து, மீண்டும் நீலம் ஏற்றுகிறார்கள். கூர்மையான விளிம்புகள் மழுங்குகின்றன. அச்சிட்ட எழுத்துகள் மங்குகின்றன. நூறு வருடம் காப்பாற்றியதை ஒரு பிற்பகல் அழித்துவிடுகிறது. பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் மேல் புது மையால் எழுதிவிட்டு, அழகாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அடுத்து, ‘1964க்கு முற்பட்டது’ என்ற மந்திரம். அதில் ஓர் உண்மை உண்டு. அந்த வருடம் வின்செஸ்டர் கம்பனி செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியது. கடைந்தெடுத்த பாகங்களின் இடத்தில் தகட்டில் அழுத்தி எடுத்த பாகங்கள் வந்தன. ரிசீவரின் புதிய கலப்புலோகத்தில் பழைய நீலம் சரியாகப் பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் முகம் சுளித்தார்கள். ஆனால் 1964க்கு முன் செய்யப்பட்ட 94 ரைபிள்களே இருபத்தைந்து இலட்சத்துக்கும் அதிகம்! இருபத்தைந்து இலட்சம் பேரிடம் உள்ள பொருளை அபூர்வம் என்பவர் எண் தெரியாதவர் அல்லது நாணயம் இல்லாதவர். வருடம் ஒரு வாசல் மட்டுமே. உள்ளே நிலைமையும் அசல்தன்மையும் இருக்க வேண்டும்.

கம்பனியும் இந்த மயக்கத்தை நன்கு அறுவடை செய்தது. 1966இல் தனது நூற்றாண்டை முன்னிட்டுப் பொன்னிற முலாம் பூசிய ஞாபகார்த்த ரைபிளை வெளியிட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயின. பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று பெட்டி பிரிக்காமல் பூட்டிவைத்தவர்கள் பலர். ஒரு இலட்சம் பேர் பூட்டிவைத்த பொருள் எவ்வாறு கிடைத்தற்கரியதாகும்? அதைச் சுடவும் முடியாது; சுட்டால் இருக்கிற விலையும் போய்விடும். ஞாபகம் என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் இதைவிட வெறுமையான பண்டம் அரிது.

கதைக்கு வருவோம். 1873 ரைபிளில் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறிக்கப்பட்ட விசேட வகை ஒன்று உண்டு. செய்யப்பட்டவை 130க்குச் சற்று மேல். 1950இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ திரைப்படம் அதைப் புகழேற்றியது. சாதாரண ரைபிளின் மேல் நான்கு சொற்களைப் பொறிக்க ஓர் உளி போதும். பொறித்தது உண்மையா என்று சொல்ல வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் பேணப்படும் தொழிற்சாலை ஏடுகள் இருக்கின்றன. தொடரிலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் ஏட்டில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள். 1894 ரகத்தில் ஏறத்தாழ முதல் மூன்றரை இலட்சம் துப்பாக்கிகளுக்கு அந்தப் பதிவு உண்டு. என்ன ரவை, என்ன குழல், எந்த நாள் அனுப்பப்பட்டது என்பன அதில் இருக்கும். வாங்கியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. கதை வியாபாரி பிழைப்பது அந்த வெற்றிடத்தில்தான்.

ஆதாரம் உள்ள கதைக்குச் சந்தை என்ன கொடுக்கிறது என்பதையும் பாருங்கள். 1886 ரகத்தின் முதலாம் இலக்க ரைபிள், அப்பாச்சி வீரன் ஜெரோனிமோவைப் பிடித்ததில் பங்கேற்ற கப்டன் ஹென்றி லோட்டனுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது. 2016இல் அது பன்னிரண்டு இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. பிடிபட்ட ஜெரோனிமோ 1909இல் இறக்கும்வரை யுத்தக் கைதியாகவே இருந்தார். அந்த இருபத்து மூன்று வருடச் சிறைக்கு ஏலக்காரரின் பட்டியலில் ஒரு சதமும் பதிவாகாது. பிடித்தவரின் பெயருக்கே விலை. பின்னர் ஜெனரலான லோட்டன் 1899இல் பிலிப்பைன்ஸில் சுடப்பட்டு இறந்தார். எதிரே நின்ற படையின் தளபதியின் பெயரும் ஜெரோனிமோ! வரலாறு தன் கணக்கைத் தனியே எழுதிக்கொள்கிறது போலும்.

‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்பது விளம்பர வாசகம். 1876இல் லிட்டில் பிக்ஹோர்னில் கஸ்டரின் படையிடம் இருந்தவை ஒவ்வொரு ரவையாக இட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்ட்கள். ஹென்றி, வின்செஸ்டர் ரைபிள்கள் லக்கோட்டா, செயென் வீரர்களின் கைகளில் இருந்தன. 1983இல் புற்காடு எரிந்தபின், 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் தொல்லியலாளர் வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்கி, அவற்றில் ஊசி பதித்த தடங்களை ஒப்பிட்டு, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைந்தார்கள். கோது பொய் சொல்வதில்லை. மட்டையில் எழுதியது சொல்லும்.

‘கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மரமும் இரும்பும்தானே, குடும்ப நினைவுக்கு மதிப்பில்லையா?’ என்று கேட்பார்கள். மதிப்பு உண்டு. அந்தத் தச்சுத் தொழிலாளி முதல் மானைச் சுட்ட நாளை அவரது மனைவி நினைவு கூரட்டும். எழுதி ரைபிளோடு வைக்கட்டும். ஆனால் நினைவு விற்பனைக்கு வரும்போது அது கூற்றாகிறது. கூற்றுக்குச் சான்று வேண்டும். பொய்க்கதை வாங்குபவரின் பணத்தைத் திருடுவதோடு நிற்பதில்லை. தச்சனின் வாழ்வை அழித்துவிட்டு அங்கே இல்லாத பொலிஸ் அதிகாரியைக் குடியேற்றுகிறது. துவக்கின் பெறுமதியை வேறு கணக்கில் அறிந்த நாட்டிலிருந்து எழுதும் எனக்கு, மனிதர்களை இப்படி இரண்டாம் முறை காணாமற்போகச் செய்வது சிறிய குற்றமாகத் தெரியவில்லை.

நேர்மை எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், சூரைமரம் ஒன்றில் சாய்த்து வைக்கப்பட்டபடி ஒரு வின்செஸ்டர் 1873 கண்டெடுக்கப்பட்டது. மரப்பிடி வெயிலில் நரைத்து வெடித்திருந்தது. ஏட்டைப் பார்த்தார்கள்: 1882இல் செய்து அனுப்பப்பட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எவர் வைத்தார், ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு விடை இல்லை. கொள்ளையன், குதிரைவீரன் என்று எழுத எத்தனை வசதி! பூங்காவினர் எழுதவில்லை. உடைந்துவிடாமல் மட்டும் பாதுகாத்து, நரைத்த மரத்தை நரைத்தபடியே, துருவைத் துருவாகவே காட்சிக்கு வைத்தார்கள். மட்டையில் தெரிந்ததை மட்டும் எழுதினார்கள். செய்தி எழுதுபவர்களுக்கும் அதுவே விதி.