நிறத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது

சென்னை பெருங்குடியில் பழைய டோல்கேட் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பல பெண்களுக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஷாலால் முகத்தைச் சுற்றி, முழங்கைக்கு மேல் வரை உறை மாட்டியிருப்பார்கள். தூசிக்காக என்று சிலர் சொல்வார்கள். என்னிடம் பலர் சொன்ன பதில் வேறு: "இல்லேன்னா கறுத்துடுவேன்க்கா."

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு முழு வாதமே இருக்கிறது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் அது ஏதோ ஒரு வடிவில் உலவுகிறது. வெயிலில் உழைக்கிறவர் கறுப்பு, நிழலில் இருக்கிறவர் சிவப்பு. ஆகவே நிறத்தைப் பார்த்தாலே ஆளின் குலமும் வசதியும் தெரிந்துவிடும். சிவப்புதான் அழகு என்பது ஆதிகாலத்திலிருந்து வருகிற ரசனை. கர்ப்பத்திலிருந்தே கவனித்தால் நிறத்தை மாற்றலாம். அதனால் யாருக்கும் நட்டமில்லை. இப்படிப் போகிறது அந்த வாதம். இதில் ஒரு படிகூட நிற்காது என்பது என் கருத்து.

வெயிலிலிருந்தே தொடங்குவோம். சட்டைக் கையை மேலே சுருட்டி, அக்குளுக்குச் சற்றுக் கீழே, புஜத்தின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் அதிகம் படாத அந்த இடத்தில் இருப்பதுதான் நீங்கள் பிறப்பில் பெற்ற நிறம். தோல் நிறத்தை ஆராய்கிறவர்கள் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று கருவியால் அளப்பதும் அங்கேதான். முன்கைக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே வெயில் சேர்த்தது. நிழலுக்குப் போனால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், அது குறைந்துவிடும். ஆனால் ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடத்தில் முப்பது வருஷம் ஏ.சி.யில் உட்கார்ந்தாலும் புஜத்தின் உட்புறத்தை விட முகம் வெளுக்காது. கட்டட வேலைக்கு வந்தவரின் கையும் அவருடைய உட்புஜத்தின் நிறத்திலிருந்துதான் கறுக்கத் தொடங்குகிறது. வெயில் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றும், இறக்கும். அடிப்படை நிறத்தைத் தீர்மானிப்பது மரபணு.

அந்த அடிப்படை எங்கிருந்து வந்தது? தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் மெலனோசைட் என்ற செல்கள் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. வித்தியாசமெல்லாம் அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையில், எவ்வளவு பெரிய பொட்டலங்களாகக் கட்டிப் பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன என்பதில் இருக்கிறது. அந்தப் பொட்டலங்கள் செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்ததுபோல் குவிந்து, உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வைப் புறஊதாக் கதிரிலிருந்து காக்கின்றன. 1979-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, கறுத்த மேல்தோல் புறஊதா-பி கதிரில் ஏழு சதவீதம் அளவுக்கே உள்ளே விடுகிறது. வெள்ளைத் தோல் இருபத்துநான்கு சதவீதம் வரை விட்டுவிடுகிறது.

இந்தப் பாதுகாப்பால் தவிர்க்கப்படுவது தோல் எரிச்சல் மட்டும்தானா என்றால், இல்லை. கடுமையான புறஊதா ஒளி ரத்தத்தில் உள்ள ஃபோலேட் சத்தைச் சிதைக்கிறது என்று 1978-ல் பிராண்டா, ஈட்டன் என்ற இருவர் காட்டினார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாக அந்தச் சத்து வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் தருகிற ஃபோலிக் ஆசிட் மாத்திரை அதற்காகத்தான். மறுபக்கம், வைட்டமின் டி தயாராகக் கொஞ்சமாவது புறஊதாக் கதிர் உள்ளே போக வேண்டும். நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000-ல் உலகப் பகுதிகளின் புறஊதா அளவையும் அங்கே நெடுங்காலமாக வாழ்பவர்களின் நிறத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் நெருக்கமாகப் பொருந்தின. சென்னை இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கே. இந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்குக் கறுப்பு என்பது உடம்பு தேடிக்கொண்ட பாதுகாப்பு. அதைக் குறை என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது குலம். நிறத்தைப் பார்த்தால் சாதி தெரியும், வந்தேறியா மண்ணின் மைந்தரா என்பது தெரியும் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். உடம்பை அளந்து சாதியைக் கண்டுபிடிக்கும் எண்ணத்துக்குச் சென்னையிலேயே ஓர் அரசாங்க முகவரி இருந்தது. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஊர் ஊராகப் போய் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். ரங்காச்சாரியுடன் சேர்ந்து அவர் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளை இன்றும் புரட்டுகிறோம். உடல் அளவும் சமூக அந்தஸ்தும் ஒன்றோடொன்று போகும் என்பது அந்தக் காலத்து அதிகாரிகள் பலரின் நம்பிக்கை. அவர்களில் ஒருவரான ரிஸ்லி மூக்கின் அகலத்தை வைத்தே சாதிகளை வரிசைப்படுத்தினார். அந்த நம்பிக்கையின் மிச்சம்தான் இன்று நாம் நிறத்தை வைத்துப் பேசுவது.

அளந்து பார்த்தால் என்ன கிடைக்கிறது? தென்னிந்தியாவில் 1,228 பேரின் தோல் நிறத்தைக் கருவியால் அளந்து, மரபணுவோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் தோல் வெளுக்கும். அந்தக் குழுவில் காணப்பட்ட நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்தை அந்த ஓர் எழுத்தே விளக்கியது. ஒரு மரபணுவுக்கு அது மிகப் பெரிய பங்கு. மிச்சம் வேறு பல மரபணுக்களாலும் சூழலாலும் வருவது. அதே ஆய்வு இந்தியத் துணைக்கண்டத்தின் 54 சமூகங்களைச் சேர்ந்த 1,573 பேரிடம் அந்த எழுத்தைத் தேடியபோது, அது பரவலாக இருந்தது. அளவு மட்டும் சமூகத்துக்குச் சமூகம் மாறியது. மொழி, நிலப்பகுதி, குடிபெயர்ச்சி எல்லாம் அதில் தடம் பதித்திருக்கின்றன. இதை நான் மறைக்கவில்லை. சராசரியில் வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் சராசரியை வைத்து, எதிரே நிற்கும் ஒருவரின் பிறப்பைச் சொல்ல முடியாது.

ஒரு வீட்டுக்குள்ளேயே சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. அம்மாவுக்கு அந்த மாறிய எழுத்து ஒரு பிரதி, அப்பாவுக்கு ஒரு பிரதி என்றால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டும் கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு, ஒன்றுகூடக் கிடைக்காமல் போக நாலில் ஒரு வாய்ப்பு. அக்கா வெளுப்பு, தங்கை கறுப்பு என்பதற்கு இதற்கு மேல் மர்மம் எதுவும் தேவையில்லை. "இவ யாரை மாதிரி பொறந்திருக்கா?" என்று ஒரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டே கேட்கிற உறவினர்கள், அவளுடைய தாயையும் சேர்த்துக் காயப்படுத்துகிறார்கள். ஐரோப்பியரிடமும் நம்மிடமும் உள்ள அந்த மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்றும், அதன் வயது 22,000 முதல் 28,000 வருஷம் என்றும் அதே ஆய்வு கணித்தது. பத்தாயிரம் வருஷத்துக்கு முன் இங்கிலாந்தின் செட்டர் குகையில் புதைந்த மனிதரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டபோது, அவருக்குக் கறுத்த தோல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. எந்த நிலத்துக்கும் நிறம் நிரந்தரச் சொத்தாக இருந்ததில்லை.

இன்னொன்று. நிறத்தை அளக்க நாம் நம்புகிற கண்ணே நல்ல அளவுகோல் இல்லை. கண் எதையும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. மூன்று அக்கா தங்கைகளில் கடைசிப் பெண் ஒரு வீட்டில் 'கறுப்பி'. எதிர்வீட்டில் பிறந்திருந்தால் அவளே 'மாநிறம்'. வெள்ளைச் சுவருக்கு முன் ஒரு நிறம், வாழைமரம் கட்டிய வாசலில் ஒரு நிறம். கேமராவும் நல்ல அளவுகோல் இல்லை. பழைய கல்யாண ஆல்பங்களில் பலருடைய முகம் விவரமில்லாமல் இருண்டு கிடக்கும். அந்தக் கலர் ஃபிலிம் வெள்ளைத் தோலுக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டது. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அப்படி எடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பெண் பார்த்தோம், மாப்பிள்ளை பார்த்தோம்.

இங்கே என் பக்கம் நிற்கும் சில நண்பர்களோடும் எனக்கு ஒரு தகராறு உண்டு. நிறம் ஒரு விஷயமே இல்லை, அதைப் பார்க்கவே கூடாது என்கிறார்கள் அவர்கள். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரை நினைத்துப் பாருங்கள். அது தோல் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் ஆக்சிஜனைக் கணிக்கிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், உண்மையில் ரத்த ஆக்சிஜன் 88-க்குக் கீழே போயிருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரிடம் 3.6 சதவீதத்தில். நிறத்தைக் கணக்கில் எடுக்காத கருவி கறுத்தவரைக் கைவிடும். மதிப்புப் போடுவதற்கு நிறத்தைப் பார்க்கக் கூடாது. வைத்தியம் பார்க்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆதிகால ரசனை என்ற வாதத்துக்கு அதிக இடம் வேண்டாம். சங்கக் கவிதையில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிரோடு ஒப்பிடப்படும் நிறம். பிரிவில் அவள் மேனியில் வெளிறிப் படருவது பசலை. அது அவள் படும் துன்பத்தின் அடையாளம். திருக்குறளின் 119-ஆம் அதிகாரம் முழுக்க அந்தப் பசப்பைப் பற்றியது. பொன்மேனியைப் பாடிய புலவர்களும் நம்மிடம் உண்டு. ஆகவே ரசனை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்து மரபு என்று சொல்வது நியாயமில்லை.

கர்ப்பிணி பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று நம்பப்படும் குங்குமப்பூவுக்கு வருகிறேன். கருத்தரித்த அன்றே குழந்தையின் நிற மரபணுக்கள் முடிவாகிவிடுகின்றன. பாலில் கரைகிற மஞ்சள் சாயம் செரிமானமாகி, குழந்தையின் மெலனோசைட்டுக்குப் போய் எந்த உத்தரவும் போடுவதில்லை. பிறகு ஏன் இத்தனை பேர் "எனக்குப் பலிச்சுது" என்கிறார்கள்? பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது, மெலனின் உற்பத்தி முழுதாகத் தொடங்கியிருக்காது. உள்ளே ஓடும் ரத்தம் சிவப்பாகத் தெரியும். அடுத்த சில மாதங்களில்தான் உண்மை நிறம் வரும். இது நம் பாட்டிகளுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்காமல் காது மடலைத் திருப்பிப் பார்த்து, "இதுதான் கலர், மாநிறமா வருவான்" என்று சொல்லும் அத்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அத்தையே மருமகளுக்கு ஏழாம் மாதம் குங்குமப்பூ டப்பா வாங்கிக் கொடுத்தவராகவும் இருப்பார். இரண்டு அறிவும் ஒரே வீட்டில் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் அறிவைத்தான் நாம் நம்புகிறோம்.

அந்த நம்பிக்கையைச் சந்தை நன்றாகப் புரிந்துகொண்டது. 1975-ல் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. 1998-ல் சென்னையின் கெவின்கேர், குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று சொல்லி ஃபேர்எவரை இறக்கியது. எதிர்க்குரலும் இதே சென்னையிலிருந்து எழுந்தது: கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-ல் 'கறுப்பே அழகு' இயக்கத்தைத் தொடங்கியது, 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகமானார். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி டியூபிலிருந்து ஃபேர் என்ற சொல் போய் க்ளோ ஆனது. விற்பது யார் என்பதை விட எனக்குக் கவலை தருவது, பெரிய கம்பெனிப் பெயர்கூட இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் கைமாறும் டப்பாக்கள்தான்.

"போட்டவங்களுக்குப் பலன் தெரியுதே" என்பார்கள். தெரியும்; அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு கலந்த களிம்பு சில நாளிலேயே முகத்தை வெளுக்க வைக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு ஓடியதுபோல் சிவப்புக் கோடுகள் வந்து, பரு வெடித்து, நிறுத்தினால் எரிச்சல் தாங்காது. அதனால் திரும்பவும் அதையே பூசுவார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். சில க்ரீம்களில் கலக்கும் பாதரசம் இன்னும் மோசம். மெலனின் தயாரிக்கும் நொதியில் தாமிரம் இருக்க வேண்டிய இடத்தில் புகுந்து அதை முடக்கிவிடும். அதோடு நிற்காமல் தோல் வழியே ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்கும்.

யாருக்கும் நட்டமில்லை என்ற கடைசிப் படிக்குப் பதில் பக்கத்து மாநிலமான கேரளத்தில் இருக்கிறது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிகளின் சவ்வு தடித்துப் புரதம் சிறுநீரில் ஒழுகும் நோயோடு 22 பேர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதான ஒரே வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பூசிக்கொண்டிருந்தவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணமானது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால், மருத்துவரிடம் போகும்போது முகத்துக்குப் பூசும் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேசை மேல் வையுங்கள்.