பாராட்டு வேண்டா, பொழுது வேண்டும்

மலையகத்து இளைஞன் ஒருவன் இரவிலே நோயாளரைக் காவிச் செல்லும் பணியில் ஈடுபட்டு, பகலிலே மருத்துவபீடப் பிரவேசத்திற்குப் படிக்கிறான் என்று கேள்வியுற்றால் நம்மவர் உள்ளம் பூரித்துப்போகிறது. விழா மேடையில் அவனுக்கு மாலை சூட்டுகிறோம். உழைப்பின் உதாரணபுருஷன் என்று போற்றுகிறோம். படிப்பதற்கு அவனுக்கு நாளொன்றில் எத்தனை மணிநேரம் எஞ்சுகின்றது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? அக்கேள்வியைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவனுடைய பணி எத்தகையது என்பதை முதலிற் காண்போம். கொழுந்து பறிக்கும் மலையிலே குளவி கொட்டி மயங்கி விழும் தாய்மார், நள்ளிரவிலே பிரசவ வேதனையுறும் பெண்கள், மழைக்காலத்து மண்சரிவிலே சிக்குண்டோர் ஆகிய இவர்களே அவனுடைய நோயாளர். ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ புறப்படும் வண்டி தார்ப்பாதை முடியுமிடத்தில் நின்றுவிடும். அதற்கப்பால் மேற்பிரிவு லயத்திலிருந்து நோயாளியைக் கம்பளியிலே தூளிகட்டித் தோளிலே சுமந்து இறக்க வேண்டும். தோட்ட மருந்தகத்தில் உதவியாளாகவோ, தனியார் அவசர ஊர்தியில் முறைக்குக் கூலி பெறுபவனாகவோ, ஊதியமற்ற முதலுதவித் தொண்டனாகவோ அவன் இதனைச் செய்கிறான். பகுதிநேரப் பணி என்று நாம் பெயரிட்டிருக்கிறோம். விபத்தும் பிரசவமும் நேரம் பார்த்து வருவதில்லை என்பதை அவன் அறிவான்.

இப்பணி தேவையற்றது என்று எவரும் கூறார். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்து 1912ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றப்பட்ட நாடு இது. ஆயினும், தோட்டத்து மக்கள் 'டாக்டரையா' என்று கைகூப்பி விளிப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளரே. 2016 ஜூலையில் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிய '1990 சுவசெரிய' அவசர ஊர்திச் சேவை 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. டிக்கோயாவிலே இந்திய உதவியுடன் எழுந்த 150 கட்டில்கள் கொண்ட மருத்துவமனை 2017 மே மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால் கட்டடமும் வண்டியும் நோயாளியின் மொழியை அறியா. "நெஞ்சு கரிக்குது, கை மரத்துப்போகுது" என்று முனகும் தொழிலாளியின் சொல்லை விளங்கிக்கொள்ளத் தமிழறிந்த ஒருவன் அருகிலிருத்தல் அவசியம். இரவுப் பணிக்கு அவ்விளைஞன் வேண்டும். நாளை மருத்துவராகவும் அவனே வேண்டும். முன்னதைப் பெற்றுக்கொண்டு பின்னதை இழந்துவிடுவதே இன்று நாம் செய்துவரும் அநியாயம்.

இழப்பு எவ்வாறு நேர்கின்றது? உயர்தரப் பரீட்சை உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களில் மாணவன் பெறும் புள்ளியை மட்டுமே அறியும். 2001 முதல் அது 'இசட்' புள்ளியாகக் கணிக்கப்படுகிறது. குருதிப் பெருக்கை நிறுத்தத் தெரிந்த கைக்கு அதிலே இடமில்லை. பரீட்சைக்குத் தோற்றக்கூடிய தடவைகளோ மூன்று. அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று என்று நாம் ஆறுதலடைகிறோம். ஆனால் அப்பங்கு மாவட்டத்துக்குரியது, லயத்துக்குரியதன்று. நகரத்திலே மூன்று பாடங்களுக்கும் தனியார் வகுப்புச் செல்லும் மாணவனும், விடியற்காலையில் நோயாளியை இறக்கிவிட்டு வந்து கண்ணயரும் மாணவனும் அதே பங்குக்கே போட்டியிடுகின்றனர்.

"அவ்வாறாயின் வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டுமே" என்பர் சிலர். நாட்சம்பளக் குடும்பத்திலே வளர்ந்த மகனுக்கு எளிதாக வழங்கப்படும் உபதேசம் இது. வகுப்புக் கட்டணமே அவ்வேலையிலிருந்துதான் வருகின்றது. "குப்பிவிளக்கிலே படித்து முன்னேறியோர் இல்லையா?" என்பர் வேறு சிலர். உளர். படித்தும் முன்னேறாதோரை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை என்பதே அவ்வாதத்தின் பலம். "இவ்வனுபவமே நல்ல மருத்துவனை ஆக்கும்" என்பர் மூன்றாந் தரப்பார். உண்மை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் அவசர ஊர்திப் பணியைப் புள்ளியோடும் நேர்முகத்தோடும் சேர்த்து மதிப்பிடுகின்றன. இங்கோ அது மதிக்கப்படுவதில்லை. அதற்கான விலை மட்டும் வாங்கப்படுகின்றது.

பணியும் படிப்பும் பகையாக இருந்தே தீரவேண்டும் என்பதற்கு நியாயமில்லை. 1848இல் மானிப்பாயிலே மருத்துவப் பயிற்சியை ஆரம்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மாணவரை நோயாளரின் மத்தியிலேயே பயிற்றினார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். 1873இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவராயினர். அந்நாளைய முறையை அப்படியே மீட்கவேண்டுமென்று நான் கூறவில்லை. நோயாளியின் அருகிலே கழிந்த பொழுது அம்மாணவருக்கு வீண்போகவில்லை என்பதையே சுட்டுகிறேன்.

சேவைக்குப் புள்ளி வழங்குங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அவ்வாறு வழங்கினால் மறுநாளே அரசியல்வாதிகளின் சிபாரிசுக் கடிதங்கள் சேவைச் சான்றிதழ்களாக உருமாறும். உண்மையில் நோயாளியைச் சுமந்தவன் மீண்டும் பின்தள்ளப்படுவான். நான் கேட்பன மூன்று. முதலாவது, பரீட்சைக்கு முந்திய மாதங்களில் இரவு முறையிலிருந்து விலக்கும், ஊதியத்துடன் கூடிய கற்கை விடுப்பும். இரண்டாவது, பணியினூடாகப் படிப்படியாகத் தகுதி பெற்று உயர்வதற்கு ஏற்ற பயிற்சி ஏணி. மூன்றாந் தடவையும் வாயில் அடைபட்டவன் வாழ்நாளெல்லாம் தூளி சுமப்பவனாகவே முடிந்துவிடக் கூடாது. மூன்றாவது, தோட்டப்புறத்து மாணவன் நடந்து எட்டக்கூடிய தூரத்திலே தமிழ்மொழிமூல விஞ்ஞான ஆசிரியர். முதலிரண்டும் தோட்ட நிர்வாகங்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் உரிய கடமைகள். மூன்றாவது கல்வித் துறைக்குரியது.

பல்கலைக்கழகத் தமிழர்களாகிய நமக்குங் கடமையொன்று உண்டு. விடுமுறையிலே மலையேறிச் சென்று அம்மாணவனுக்கு மாலையிடுவதை நிறுத்துவோம். இரவு முழுவதும் விழித்திருந்தவன் உறங்கி எழும் நேரமறிந்து, அந்த நேரத்திலே இரசாயனவியல் கற்பிப்போம். நாம் இடும் மாலை மறுநாள் வாடிவிடும். நாம் கொடுக்கும் பொழுதோ ஒரு மருத்துவனை ஆக்கக்கூடும். அவன் மருத்துவனாகித் தன் மலைக்கு மீளும் நாளில், 'டாக்டரையா' என்று அழைக்கும் தொழிலாளியின் வாய்ச்சொல் முதன்முறையாக மெய்யாகும்.